இழப்புக்குப் பிறகு களிமண்ணில் ஓர் உருவம்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் காரியம் முடியும் வரை யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. வருகிறவர்களுக்குக் காபி, ஐயருக்குத் தட்சணை, இறப்புச் சான்றிதழ், பந்தல்காரர் கணக்கு என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். கைகளுக்கு வேலை இல்லாமல் போவதும் அப்போதுதான். இந்த வழிகாட்டி அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கானது.

சிற்பம் என்றதும் உளியும் கல்லும் நினைவுக்கு வரும். கல் வேண்டாம். அதற்குப் பயிற்சி வேண்டும், கைவலிமை வேண்டும், தப்பாகச் செதுக்கியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. துக்கத்தில் இருப்பவருக்கு ஏற்றது களிமண். நசுக்கலாம், மறுபடி எடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் தண்ணீரில் போட்டுவிடலாம். நம் மொழியில் சாவும் களிமண்ணும் சேர்ந்து வருவது புதிதல்ல. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி நேராகக் குயவரிடம் பேசுகிறாள்: வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்ட சின்னப் பல்லி போல இவனோடு இத்தனை வழி வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அந்த ஈமத்தாழியை அகலமாக வனைந்து கொடு என்கிறாள். ஆறுதல் கேட்கவில்லை, அளவு சொல்கிறாள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் போக்கில்தான் இருக்கும்.

இதனால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றில் ஏதாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அளவு குறைந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வில், முன்பு கலைப்பயிற்சி இருந்ததா இல்லையா என்பது வித்தியாசம் ஏற்படுத்தவில்லை. சிறிய ஆய்வு, அதுவும் துக்கத்தைப் பற்றியது அல்ல. ஆகவே மண்ணைத் தொட்டால் மனம் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை அமைதியானால் தலையும் கொஞ்ச நேரம் அமைதியாகலாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த பார்வை. துக்கப்படுகிறவர் இழப்பைப் பார்த்து அழுவதற்கும், அன்றாட வேலைகளைப் பார்ப்பதற்கும் நடுவே மாறிமாறிப் போய்வருவார், அந்தப் போய்வருதலே இயல்பானது என்கிறது அது. எப்போதும் அழுதுகொண்டிருக்கவும் தேவையில்லை, எப்போதும் தைரியமாக இருக்கவும் தேவையில்லை. மண்வேலையில் இந்த இரண்டும் ஒரே பலகையில் நடக்கும். ஒரு நிமிடம் அப்பாவின் கட்டைவிரலை நினைத்துக் கண் கலங்கும், அடுத்த நிமிடம் அந்த விரல் ஒட்டவில்லையே என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சல் நல்லது.

எப்போது தொடங்குவது

காரியம் முடியும் முன் வேண்டாம். அதன் பிறகும் உடனே தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாப்பாடும் தூக்கமும் ஓரளவு ஒழுங்குக்கு வந்திருந்தால் போதும். முதல் பிறந்தநாள், முதல் பொங்கல், தலைத் திவசம் போன்ற நாட்களை முடிவு நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். “வருஷத் திதிக்குள் முடித்துவிட வேண்டும்” என்று தொடங்கினால் அது இன்னொரு காரியமாகிவிடும்.

வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். நன்றாகப் போகிறது என்றாலும் அத்துடன் நிறுத்துங்கள். துக்கத்தில் உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

மண்

முதல் உருவத்துக்கு 4, 5 கிலோ போதும். மூன்று வழியில் கிடைக்கும். கலைப்பொருள் கடைகளில் டெரகோட்டா களிமண் என்று பொட்டலமாக விற்பார்கள், பிரித்ததும் வேலை செய்யலாம். அல்லது பானை, பொம்மை செய்கிறவர்களிடம் போய்க் கேட்கலாம். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, கடம் செய்யும் மானாமதுரை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர் போன்ற ஊர்களில் இன்னும் மண் பிசைகிறார்கள். வாய்ப்பு இருந்தால் இந்த இரண்டாவது வழியையே நான் சொல்வேன். அவர்கள் மண்ணில் மணலோ உமியோ ஏற்கெனவே கலந்திருக்கும், பிறகு சுடுவதற்கும் அவர்களிடமே போகலாம்.

மூன்றாவது வழி, சொந்த ஊர் மண். இறந்தவரின் ஊர்க் கண்மாயிலிருந்து ஒரு பை எடுத்துவரும் ஆசை பலருக்கு வரும். எடுத்துவாருங்கள், ஆனால் சோதித்துப் பாருங்கள். ஈரமண்ணை விரல் தடிமனுக்குத் திரித்து விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல களி. பொலபொலவென்று உடைந்தால் மணல் அதிகம், அதைக் கடை மண்ணோடு பத்தில் ஒரு பங்காக மட்டும் சேர்க்கலாம். எப்படியானாலும் காயவைத்துத் தட்டி, தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, கூழாக்கிக் கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள். இதில் சோம்பல் கூடாது. கிளிஞ்சல் துண்டோ சுண்ணாம்புக் கல்லோ உள்ளே தங்கிவிட்டால், சுட்ட பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பி, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். சுட்டு வாரங்கள் கழித்துக்கூட இப்படி ஆகும். வடித்த கூழைத் துணி விரித்த செங்கல்மேல் ஊற்றி வைத்தால் தண்ணீர் இறங்கி, பிசையும் பதத்துக்கு வரும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. பழைய கரண்டி, மூங்கில் சீவல், சைக்கிள் ஸ்போக் ஒன்று, மண்ணை அறுக்க மீன்பிடி நரம்பு, பருத்தித் துணி சுற்றிய பலகை, மூடிவைக்க பாலித்தீன் உறை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கையை அதில்தான் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் கழுவினால் களி குழாயில் போய்க் கல்லாக அடைத்துக்கொள்ளும். காய்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அதிலிருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதல் சில வாரம் எதுவும் செய்யாதீர்கள்

அதாவது எந்த உருவமும் செய்யாதீர்கள். மண்ணைப் பிசையுங்கள். பலகையில் வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளி, சுருட்டி, மறுபடி தள்ளுங்கள். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் போவதற்கும், மண் முழுவதும் ஒரே பதமாவதற்கும் இது எப்படியும் தேவை. கோபம் இருந்தால் அடியுங்கள். மருத்துவமனைமேல், கடன் கேட்டு வந்தவர்மேல், இறந்துபோனவர்மேலேயே கோபம் இருக்கலாம். மண் தாங்கும்.

பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, விரல்களை மெல்லத் திறந்து பாருங்கள். உங்கள் உள்ளங்கையின் தடம் அப்படியே இருக்கும். மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார் ஆகிற ஊர் நம்முடையது. முகமும் துதிக்கையும் இல்லாமலே அவர் பிள்ளையார்தான். உருவத்துக்கு ஒற்றுமை அவசியமில்லை என்பதை மனம் ஏற்க இந்தப் பயிற்சி உதவும். அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களிலும் வேலை பிடிமண் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. ஊரார் ஒரு பிடி மண்ணை மண்குதிரை செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள், குதிரை அதற்குப் பிறகு. இப்படிப் பிடித்த கட்டிகளை வரிசையாகப் பலகையில் வையுங்கள், வாரக் கடைசியில் எல்லாவற்றையும் நசுக்கி மறுபடி வாளியில் போடுங்கள். ஒன்றைக்கூடக் காப்பாற்றாமல் இருக்கப் பழகுவது பின்னால் தேவைப்படும்.

எதைச் செய்வது: முகம் வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அவருடைய முகத்தில் தொடங்காதீர்கள்.

பயிற்சி உள்ளவருக்கே முகச் சாயல் எளிதில் வராது. மூக்கு ஒரு நூல் அகலமானால் வேறு யாரோ ஆகிவிடுவார். அந்த வேறு யாரோ உங்கள் மேசையில் உட்கார்ந்து உங்களைப் பார்ப்பது சாதாரண வருத்தம் அல்ல. “அவர் முகமே எனக்கு மறந்துவிட்டதா” என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பலர் அத்துடன் மண்ணை மூடிவைத்துவிடுவார்கள். மாலை போட்ட போட்டோ சுவரில் ஏற்கெனவே இருக்கிறது, முகத்துக்கு அது போதும்.

போட்டோவில் இல்லாததைச் செய்யுங்கள். என் அம்மாவுக்கு நான் செய்தது அவர் வெற்றிலைப் பெட்டி, மூடி பாதி திறந்தபடி. நீங்கள் செய்யக்கூடியவை: கழற்றிப் போட்ட செருப்பு, ஒரு வார் மட்டும் தேய்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு. தோளில் துண்டு கிடந்த மடிப்பு. திண்ணையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்த முதுகு, தலை குனிந்திருப்பதால் முகம் தெரியாது. குழந்தையை இழந்தவர்கள் பெரும்பாலும் தலையணை, போர்வை போன்ற மென்மையான பொருள்களைத் தேர்ந்தெடுப்பார்கள், மண்ணில் அவை நன்றாக வரும். உருவம் செய்வது உங்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்றால் ஒரு கிண்ணமோ கூஜாவோ செய்யுங்கள். அவர் பயன்படுத்தியதன் அளவிலேயே செய்யலாம்.

இதில் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போரில் இறந்தபோது வயது 18. அம்மா அப்போதே பெயர் பெற்றவர், கை தேர்ந்தவர். அந்த ஆண்டு முடிவதற்குள் மகனுக்கு நினைவுச்சின்னம் திட்டமிட்டார்: நீட்டிப் படுத்த மகன், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. ஆண்டுக்கணக்கில் முயன்றும் வரவில்லை. 1919இல் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது மகனை நீக்கிவிட்டார். மண்டியிட்ட அப்பா, மண்டியிட்ட அம்மா, இருவரும் தனித்தனியாக. மகன் புதைக்கப்பட்ட இடத்தில் 1932இல் அது நிறுவப்பட்டது. இப்போது பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ கல்லறைத்தோட்டத்தில் இருக்கிறது.

18 ஆண்டுகள். அத்தனை திறமை இருந்தும் இறந்தவனைச் செய்ய முடியவில்லை, அழுகிறவர்களைத்தான் செய்ய முடிந்தது. உங்களுக்கும் ஒரு கட்டத்தில் அந்த விருப்பம் வரலாம். மண்ணில் உங்களையே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தையே செய்யத் தோன்றினால் தயங்காதீர்கள்.

கட்டுவது

உதாரணத்துக்கு ஒரு கையை எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லாரும் கடைசியில் அதற்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

விரித்த கை வேண்டாம், காயும்போது விரல்கள் விரிசல் விட்டு உடையும். முழங்கால்மேல் வைத்த கை, தம்ளரைப் பிடித்த கை, மூடிய கை என்று விரல்கள் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கட்டும். அளவுக்கு உங்கள் கையையே பாருங்கள்: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஏறக்குறைய மோவாயிலிருந்து நெற்றிமுடி வரை உள்ள நீளம். புறங்கையிலிருந்து பார்த்தால் நடுவிரல், கையின் நீளத்தில் பாதியளவு வரும். முதலில் கையுறை போட்டது போல ஒரே கட்டியாகச் செய்துவிட்டு, பிறகு விரல்களுக்கு நடுவே கோடு இழுத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு விரலாகச் செய்து ஒட்டினால் வெண்டைக்காய்க் கட்டு போல ஆகிவிடும். நகத்தையும் ரேகையையும் கடைசிக்கு வையுங்கள். மூட்டு எங்கே மடிகிறது என்பதில்தான் ஆள் இருக்கிறார்.

ஏதாவது ஒட்ட வேண்டுமானால் இரண்டு பரப்பையும் ஸ்போக்கால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்கூழ் தடவி, அழுத்திச் சேர்த்துத் தையல் மறையும்படி இழைத்துவிடுங்கள். ஈரமண்ணைக் காய்ந்த மண்ணோடு ஒட்டாதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும், தையல் பிரிந்துவிடும். இதே காரணத்தால் உள்ளே கம்பி வைக்கவும் கூடாது. களிமண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கலாம், கம்பி சுருங்காது, மண்தான் பிளக்கும்.

எல்லாம் முடிந்ததும் பாலித்தீனில் தளர்வாக மூடி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும், விரலால் அழுத்தினால் குழியக் கூடாது. அந்தப் பதத்தில் நரம்பால் உருவத்தை இரண்டாக அறுத்து, கரண்டியால் உள்ளே குடைந்தெடுங்கள். ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் கனம் மிஞ்சினால் போதும். அடியில் காற்றுப் போக ஒரு துளை கட்டாயம். பிறகு கீறி, கூழ் தடவி மறுபடி சேருங்கள்.

சேர்ப்பதற்கு முன் சிலர் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைக்கிறார்கள். சொல்லாமல் விட்டது, கேட்காத மன்னிப்பு, திட்டு, எதுவானாலும் சரி. சூளையில் அது உள்ளேயே சாம்பலாகிவிடும், யாரும் படிக்கப்போவதில்லை. சின்னத் தாளாக இருக்கட்டும், லேமினேட் செய்தது வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் உறவினர் யாராவது எட்டிப் பார்த்து “இன்னும் அதையே நினைச்சிட்டு இருக்கியா?” என்று கேட்பார்கள். விளக்கம் சொல்லிக் களைத்துப்போகாதீர்கள். “கை வேலை, அத்தை” என்றால் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு கட்டி மண் கொடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். தாத்தாவின் பைக், ஆம்புலன்ஸ், பல்செட் என்று அவர்கள் செய்வதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம்.

காயவைப்பது

நிழலில், காற்று நேராக வீசாத இடத்தில், இரண்டு மூன்று வாரம். விரல் நுனி போன்ற மெல்லிய பகுதிகளைப் பாலித்தீனால் சுற்றிவையுங்கள், இல்லையென்றால் அவை முந்திக் காய்ந்து வெடிக்கும். மின்விசிறி, வெயில், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் இன்னும் நாளாகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இந்த வாரங்களில் செய்ய எதுவும் இல்லை என்பதுதான் சிரமம். அவசரப்பட்டு அடுத்த உருவத்தைத் தொடங்காதீர்கள்.

சுடுவதா, கரைப்பதா

காய்ந்த மண், சுடாதவரை மண்தான். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். சுட்டுவிட்டால் திரும்பாது. ஆகவே இந்த முடிவை நீங்கள் மட்டுமே எடுக்க வேண்டும், நிதானமாக எடுக்க வேண்டும். இறப்பு உங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. இதில் எது மிஞ்ச வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

சுடுவது என்றால் வீட்டு அடுப்பில் முயலாதீர்கள். ஈரம் மிஞ்சிய மண் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே நீராவி உண்டாகி உருவம் வெடிக்கும். சூளைக்காரரிடம் “தடிமனான உருவம், தொடக்கத்தில் மெதுவாக ஏற்றுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிவதால் அந்த இடத்தையும் மெதுவாகக் கடக்க வேண்டும், ஆறும்போதும் அப்படியே. மின்சூளையில் 900 முதல் 1000 டிகிரி வரை போவார்கள். விறகும் வைக்கோலும் வைத்து எரிக்கும் திறந்த சூளையில் வெப்பம் அதைவிடக் குறைவு, ஆனால் தீ பட்ட கருந்திட்டுகள் விழும். எனக்கு அந்தத் திட்டுகள் பிடிக்கும். உடைந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு, முதலிலேயே அதற்குத் தயாராகப் போங்கள். உடைந்தால் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எபாக்சி பசையால் ஒட்டலாம்.

கரைப்பது என்றால் ஆற்றுக்கோ கடலுக்கோ போகத் தேவையில்லை. வாளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும், முழுக்கக் காய்ந்திருந்தால்தான் சீக்கிரம் கரையும். அந்தக் கூழைத் தோட்டத்தில் ஊற்றலாம், அல்லது வடித்து எடுத்து அடுத்த உருவத்துக்குப் பயன்படுத்தலாம். சிலர் கரைத்த பிறகு ஏன் கரைத்தோம் என்று தவிப்பார்கள். அதனால் முதலில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

வைக்கும் இடம்

இறந்தவர் உருவத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். செருப்பும் வெற்றிலைப் பெட்டியும் செய்திருந்தால் இந்தச் சண்டையே வராது, முகத்தைத் தவிர்க்க இன்னொரு காரணம். பூஜையறையில் வைக்காமல் புத்தக அலமாரி, ஜன்னல் திண்டு, எழுதும் மேசை என்று கை படுகிற இடத்தில் வையுங்கள். பூஜையறைக்குப் போனால் தொட முடியாமல் போய்விடும். சுட்ட மண்ணை வெறும் தண்ணீரில் கழுவலாம், வார்னிஷ் அடிக்காதீர்கள்.

மண் போதாதபோது

சில துக்கங்களுக்கு இது காணாது. ஒரு வருடம் ஆன பிறகும் அன்றாட வேலை எதுவும் ஓடாத அளவுக்கு ஏக்கம் தினமும் அழுத்தினால், மருத்துவத்தில் அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 6 மாதம் தாண்டியதுமே கவனிக்கச் சொல்கிறார்கள். சிகிச்சை இருக்கிறது. மண்ணைத் தொட்டாலே மூச்சு முட்டுகிறது, மருத்துவமனைக் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தொடராதீர்கள், மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அழைத்துப் பேசத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் எண்ணைக் கொடுத்து, போட்டுத் தரச் சொல்லுங்கள்.